கொச்சித் துறைமுகம் கண்ட பிரிஸ்டோ

எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குச் சாலை வழியே செல்வோர் இரண்டு பாலங்களைக் கடக்கின்றனர். அவ்விரு பாலங்களுக்கும் நடுவே கிடப்பது வில்லிங்டன் தீவு. அகன்ற சாலைகளும், நிழல்தரும் மரங்களும், சரக்குக் கிடங்குகளும், சுங்க அலுவலகமும், கடற்படைத் தளமும், தங்கும் விடுதிகளும் அங்கே உள்ளன. நிலப்படத்தில் அதனைக் காண்பவர், அண்டையிலுள்ள பிற தீவுகளைப் போல அதுவும் இயற்கையாக அமைந்தது என்றே எண்ணுவர். ஆனால், 1920ஆம் ஆண்டிற்கு முன் வரையப்பட்ட எந்த நிலப்படத்திலும் அத்தீவு காணப்படாது. அப்போது அவ்விடத்தில் இருந்தது காயல் நீர்தான். அந்நீரின் அடியிலிருந்த மண்ணை வாரிக் குவித்துத் தீவாக்கியவர், கொச்சியின் வாயிலைக் கப்பல்களுக்குத் திறந்துவிட்ட பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ ஆவார்.

கொச்சிக்குக் கடல்வணிகம் புதியதன்று. சங்கப் பாடல்களில் புகழப்பெற்ற முசிறி, இதற்குச் சற்று வடக்கே பெரியாற்றின் கழிமுகத்தில் இருந்த துறைமுகமாகும். யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டது அத்துறையிலேதான். 1341ஆம் ஆண்டில் பெரியாறு பெருவெள்ளமாகப் பாய்ந்தபோது அப்பகுதி மண்ணால் தூர்ந்தது என்றும், தெற்கே கொச்சியில் கடலுக்குப் புதியதொரு வாய் பிறந்தது என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். அதன்பின் அரபு வணிகரும் சீனரும் வந்தனர். 1500ஆம் ஆண்டில் போர்த்துகீசியரும், 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் கொச்சியைக் கைக்கொண்டனர். மிளகும், கயிறும், தேங்காய் எண்ணெயும், பின்னாளில் மலைத்தோட்டங்களின் தேயிலையும் இவ்வழியே வெளிநாடு சென்றன.

இத்துணைப் பெருமை வாய்ந்த கொச்சிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. காயல் கடலோடு கலக்கும் வாயிலின் குறுக்கே, நீருக்கடியில், கெட்டியான மணல்திட்டு ஒன்று நீண்டு கிடந்தது. உள்ளே ஆழமும் அமைதியும் வாய்ந்த காயல்; வெளியே ஆழ்கடல்; இரண்டிற்கும் இடையே பூட்டிய கதவுபோல் அத்திட்டு. எட்டு அல்லது பத்து அடி ஆழத்திற்கு மேல் நீர் வேண்டும் கப்பல் எதுவும் அதனைத் தாண்ட இயலாது. ஆகவே, நீராவிக் கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்கு மூட்டைகளைத் தோணிகளில் ஏற்றி, அலைகளினூடே கொண்டுசென்று, கப்பலில் ஏற்ற வேண்டும். வந்த சரக்கையும் அவ்வாறே இறக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் இயலாது. மலையில் பறித்துப் பதப்படுத்திய தேயிலையும் மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் நிறைந்த மிளகும், கண்முன்னே கடல் இருந்தும், காத்துக் கிடந்தன. தோணி கவிழ்ந்தால் சரக்கு மட்டுமா போகும்? அதனைச் செலுத்திய ஆளும் அல்லவா அலையில் சிக்குவான்!

அத்திட்டை வெட்டி வழி காண வேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வணிகரிடையே எழுந்தது. ஆயினும், அதனைத் தொட அஞ்சினர். அவ்வச்சம் வீணானதன்று. கழிமுகத்தின் வடபுறத்தில் வைப்பின் என்னும் நீண்ட தீவு உள்ளது. மீனவரும் தென்னந்தோப்பு உடையோரும் நெருங்கி வாழும் நிலம் அது. திட்டை நீக்கினால் கடலலை தடையின்றிப் புகுந்து வைப்பின் கரையை அரித்துவிடும் என்றும், உப்புநீர் பெருகி வேம்பநாட்டுக் காயலின் இயல்பே கெட்டுவிடும் என்றும் அறிந்தோர் எச்சரித்தனர். ஒரு வாயிலைத் திறப்பதற்காக ஓர் ஊரையே கடலுக்குக் கொடுப்பதா என்பதே கேள்வி. விடை காணாத அக்கேள்வியால் திட்டம் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

இந்நிலையில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வில்லிங்டன் பிரபு பொறுப்பேற்றார். கோட்டைக்கொச்சி அந்நாளில் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்குட்பட்ட மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபாரோ சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. எனவே, கொச்சித் துறைமுகத்தின் எதிர்காலம் சென்னைக் கோட்டையில் முடிவு செய்யப்பட வேண்டியதாக இருந்தது. துறைமுகப் பணிகளில் தேர்ந்த பொறியாளர் ஒருவரை அங்கு அனுப்ப வில்லிங்டன் முடிவு செய்தார். அவ்வாறு வந்தவரே பிரிஸ்டோ.

இராபர்ட் சார்லஸ் பிரிஸ்டோ 1880ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர். பொறியியல் கற்று, இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுகப் பணிகளில் பயிற்சி பெற்றார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவர் கொச்சிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அங்கே அவருக்கென அலுவலகமோ, இயந்திரமோ, தேர்ந்த பணியாளரோ காத்திருக்கவில்லை. காத்திருந்தவை அந்த மணல்திட்டும், அதனைப் பற்றிய பழைய ஐயங்களுமே.

வந்தவுடன் மண்வெட்டியை எடுக்காமல் கடலைக் கற்கத் தொடங்கியதே பிரிஸ்டோவின் சிறப்பு. காற்று எத்திசையிலிருந்து எம்மாதத்தில் வீசுகிறது, நீரோட்டம் எப்பக்கம் மணலை இழுக்கிறது, ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் வாயிலில் என்ன நேர்கிறது என்பனவற்றை 1920, 1921 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவர் நுணுகி ஆராய்ந்தார். கடலில் கிடக்கும் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. அலை சாய்வாகக் கரையை மோதும்போது மணலும் கரையோரமாகவே நகர்ந்து செல்கிறது. ஓரிடத்தில் அதனைத் தடுத்தால் அங்கே கரை வளரும்; தடுத்த இடத்திற்கு அப்பால் கரை தேயும். இவ்வுண்மையை அறியாது கட்டப்பட்ட துறைமுகங்களால் அண்டைக் கடற்கரைகள் அழிந்த கதை உலகில் பல உண்டு. சென்னைத் துறைமுகத்தின் தென்புறத்தில் மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை விரிந்ததும், வடபுறத்தில் இராயபுரம் முதலிய பகுதிகள் கடலரிப்புக்கு ஆளானதும் இதனாலேதான்.

மலையாளக் கரைக்கே உரிய மற்றொரு விந்தையும் அவர் கருத்தைக் கவர்ந்தது. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது, கரையோரத்தில் சில இடங்களில் மட்டும் நீர் குளம்போல் அமைதியாக இருக்கும். கடலடிச் சேறு கலங்கி எழுந்து நீரைக் குழம்பாக்குவதால் அலையின் வேகம் அங்கே தணிந்துவிடுகிறது. அவ்விடங்களில் மீன் மிகுதியாகக் கிடைப்பதால், மீனவர் அக்காலத்தைச் சாகர என்று சொல்லிக் கொண்டாடுவர். மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த இச்சேற்றுக்கரைகளைப் பிரிஸ்டோ அறிவியல் முறையில் ஆராய்ந்தார். அவற்றின் வரலாற்றைப் பின்னர் 1938இல் நூலாகவும் வெளியிட்டார். துறைமுகப் பொறியாளர் ஒருவர் சேற்றைப் பற்றி நூல் எழுதியது சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். அலையை அடக்கும் வழியைச் சேற்றிடமிருந்து கற்பதில் அவர் இழிவு காணவில்லை.

வைப்பின் கரையைக் காக்க அவர் கண்ட வழி எளிமையானது. கரையோரத்தில் கருங்கல்லால் தடுப்புச் சுவர்களை எழுப்புவது. அவற்றைக் கடலுக்குக் குறுக்காக நீட்டாமல், கரைக்கு ஏறத்தாழ இணையாக, ஒன்றன் முனை மற்றொன்றின் முனையைத் தாண்டி நிற்குமாறு அமைப்பது. இன்று தமிழகக் கடற்கரை ஊர்களில் தூண்டில் வளைவு எனப்படும் கற்சுவர்களுக்கு இதனை உறவு எனலாம். அலை கொண்டுவரும் மணல் அச்சுவர்களின் பின்னே தங்கும். தங்கிய மணலே கரைக்கு அரணாகும். கடலின் வலிமையைக் கொண்டே கடலைத் தடுக்கும் முறை இது. வெளியூர் வல்லுநர் குழு ஒன்று அவருடைய திட்டத்தை ஆராய்ந்து ஏற்றது. பழைய அச்சத்திற்கு விடை கிடைத்துவிட்டது.

பொறியியல் சிக்கலைவிட அரசியல் சிக்கல் சிறியதாக இல்லை. ஒரே காயலின் கரையில் மூன்று ஆட்சிகள் இருந்தன. கோட்டைக்கொச்சி ஆங்கிலேயருடையது. மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி அரசருடையவை. தெற்கே விரியும் காயலும் கரையும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. பணத்தை யார் தருவது, சுங்க வருவாயை எவ்வாறு பங்கிடுவது என்பவற்றில் நெடுங்காலம் பேச்சு நடந்தது. 1925ஆம் ஆண்டில் ஒருவாறு உடன்பாடு எட்டப்பட்டது. ஓலைகளும் கோப்புகளும் ஓரலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு நகர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் பிரிஸ்டோவின் பொறுமை பெரிதும் சோதிக்கப்பட்டது. அவர் பின்னாளில் எழுதிய நூலில் கடலைப் பற்றிய குறைகளைவிடக் கோப்புகளைப் பற்றிய குறைகளே மிகுதி என்று சொன்னாலும் தவறாகாது.

1926ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆளுநரின் பெயரையே தாங்கிய லார்டு வில்லிங்டன் என்னும் தூர்வாரிக் கப்பல் கொச்சியை வந்தடைந்தது. தூர்வாரி என்பது நீருக்கடியிலுள்ள மண்ணைக் கிளறி, நீரோடு சேர்த்து உறிஞ்சி, நீண்ட குழாய்களின் வழியே வேறிடத்தில் கொட்டும் மிதக்கும் இயந்திரமாகும். நாளொன்றுக்கு இருபது மணி நேரம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அது உழைக்க வேண்டும் எனக் கணக்கிடப்பட்டது. இரவில் விளக்கொளியில் இயந்திரம் முழங்குவது கரையில் உறங்கியோர்க்குக் கேட்டிருக்கும். வாரிய மண்ணைக் கடலில் கொட்டி வீணாக்காமல் காயலின் நடுவே, வெண்டுருத்தி என்னும் சிறு தீவை ஒட்டிக் குவித்தனர். கல்லால் கரை கட்டி, அதன் உள்ளே மண்ணை நிரப்பி, நீர் வடிந்தபின் மேலும் நிரப்பினர். ஒருபுறம் ஆழம் பிறந்தது. மறுபுறம் நிலம் பிறந்தது. இவ்வாறு உருவான நிலம் ஏறத்தாழ 780 ஏக்கர். அதற்கு வில்லிங்டன் தீவு எனப் பெயரிட்டனர்.

கல் உடைத்தவர், தோணியில் கல் ஏற்றி வந்தவர், சேற்றில் இறங்கிக் குழாய்களை இணைத்தவர் எனப் பல்லாயிரம் தொழிலாளர் அப்பணியில் வியர்வை சிந்தினர். தீவுக்கு ஆளுநரின் பெயர் கிடைத்தது. தூர்வாரிக்கும் அவர் பெயரே கிடைத்தது. அத்தொழிலாளரின் பெயர்களை எந்தப் பலகையும் தாங்கி நிற்கவில்லை.

மணல்திட்டின் ஊடே 450 அடி அகலமும் மூன்றரை மைல் நீளமும் உடைய கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், பம்பாயிலிருந்து வந்த பத்மா என்னும் நீராவிக் கப்பல் அக்கால்வாய் வழியே நுழைந்து காயலை அடைந்தது. அதுவரை எந்தப் பெருங்கப்பலும் தீண்டாத அமைதியான நீரில் அது நங்கூரமிட்டது. பருவக்காற்று தொடங்கும் காலம் அது. முந்தைய ஆண்டுகளில் கப்பல்கள் கொச்சியை விட்டு விலகிச் செல்லும் அவ்வேளையில் ஒரு கப்பல் உள்ளே வந்ததன் பொருளைத் துறைமுகத்தார் அனைவரும் உணர்ந்திருப்பர்.

வாயில் திறந்தது போதுமென்று பிரிஸ்டோ அமையவில்லை. கப்பல் நிற்கும் துறைக்கும் சரக்கு விளையும் ஊருக்கும் இடையே வழி இல்லையெனில் துறைமுகத்தால் பயன் என்ன? சோரனூரிலிருந்து எர்ணாகுளத்திற்கு இருந்த குறுகிய இருப்புப்பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டது. வெண்டுருத்தியில் பாலம் கட்டப்பட்டு இரயில் தீவுக்குள்ளேயே வந்தது. கோயம்புத்தூர், ஆனைமலை, நீலகிரிப் பகுதிகளின் பஞ்சும் தேயிலையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இறங்கிக் கப்பலின் அருகிலேயே வந்து நின்றன. சென்னையிலிருந்து புறப்பட்ட விரைவு வண்டியும் பின்னர் அத்தீவிலேயே தன் பயணத்தை முடித்துக்கொண்டது. பாரந்தூக்கிகள் வரிசையாக நிறுவப்பட்டன. கடலிலிருந்து வருவோர் தங்குவதற்குத் தீவின் வடமுனையில் மலபார் விடுதி எழுந்தது. அதன் முற்றத்தில் அமர்ந்தால், கப்பல்கள் உள்ளே வருவதையும் எதிர்க்கரையில் சீன வலைகள் நீரில் தாழ்ந்து எழுவதையும் ஒருசேரக் காணலாம். இன்று உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் வந்து காணும் காட்சி அது.

விமானமும் அத்தீவிலேயே இறங்கியது. துறைமுகப் பணியின் பொருட்டு வந்துபோகும் அலுவலர்களுக்காகச் சிறிய ஓடுதளம் ஒன்று அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அது படையினர் வசமாயிற்று. விடுதலைக்குப் பின் கடற்படையின் தளமாக இருந்துகொண்டே பொதுமக்களின் விமானங்களுக்கும் இடமளித்தது. 1999ஆம் ஆண்டில் நெடும்பாசேரியில் புதிய பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்படும்வரை, கொச்சிக்கு வானூர்தியில் வந்தோர் அனைவரும் காயலடி மண்ணால் ஆன இந்நிலத்திலேயே கால் பதித்தனர். நெடும்பாசேரி நிலையத்திற்குப் பொருளுதவி செய்தோருள் பெருந்தொகையினர், பிழைப்புக்காகக் கடல்கடந்து சென்ற மலையாளிகள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கொச்சித் துறைமுகம் 1936ஆம் ஆண்டில் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அந்நாளில் கொச்சி அரசின் திவானாக இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியார். 1935 முதல் 1941 வரை அப்பொறுப்பை வகித்த அவர், துறைமுக வளர்ச்சியில் மிகுந்த அக்கறை காட்டினார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் அவரே. எர்ணாகுளத்தில் காயலை ஒட்டிச் செல்லும் சண்முகம் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பிரிஸ்டோவின் செயல்களுள் கல்லும் மண்ணும் சாராத ஒன்றையும் கூறவேண்டும். அந்நாளில் ஐரோப்பியர் கூடும் மன்றங்களில் இந்தியர் உறுப்பினராக இயலாது. பகலில் ஒரே அலுவலகத்தில் பணிசெய்வோர், மாலையில் ஒரே மேசையில் தேநீர் அருந்தக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. இதனை ஏற்க மனமில்லாத பிரிஸ்டோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும், 1931ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் தாமரை மன்றம் எனப் பொருள்படும் லோட்டஸ் கிளப்பைத் தோற்றுவித்தனர். அதில் இந்தியரும் ஐரோப்பியரும் குடும்பத்துடன் ஒப்ப அமர்ந்தனர். ஆளும் அரசின் ஊதியம் பெறும் அலுவலர் ஒருவர், ஆளுவோரின் வழக்கத்திற்கு மாறாக இதனைச் செய்தது எளிதன்று. மணல்திட்டை வெட்டியதைவிட இதனைப் பெரிதாகக் கருதுவோரும் கொச்சியில் உண்டு.

அவருடைய பணியில் குறை காண்போரும் இல்லாமலில்லை. காயலின் ஒரு பகுதி நிலமாக மாறியதால் மீனவரின் வலைகளுக்குரிய நீர்ப்பரப்பு சுருங்கியது. கால்வாய் ஒருமுறை வெட்டினால் முடிந்துவிடுவதும் அன்று. ஆறுகளும் கடலும் ஆண்டுதோறும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. துறைமுகத்தாரும் ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட்டுத் தூர்வாருகின்றனர். திறந்த கதவைத் திறந்தே வைத்திருக்கும் வேலை இன்னும் தொடர்கிறது.

1941ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் பிரிஸ்டோ கொச்சியிலிருந்து விடைபெற்றார். வந்த அதே தேதியில், சரியாக இருபத்தோராண்டுகளுக்குப் பின் அவர் புறப்பட்டார். வந்தபோது தோணியில் சரக்கேற்றிய ஊர், அவர் செல்லும்போது போர்க்கப்பல்களும் வணிகக் கப்பல்களும் நிறைந்த துறைமுகமாக இருந்தது. இங்கிலாந்து திரும்பிய பின்னும் கொச்சி அவர் நினைவைவிட்டு நீங்கவில்லை. தம் அனுபவங்களை எல்லாம் திரட்டிக் கொச்சி சாகா என்னும் ஆங்கில நூலை எழுதி 1959இல் வெளியிட்டார். 1966ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தம் எண்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார்.

தோப்பும்படிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையே அவர் வடிவமைத்த பழைய பாலம் இன்றும் நிற்கிறது. உயரமான தோணிகளும் கப்பல்களும் கடந்துசெல்லும்போது அதன் நடுப்பகுதி மேலெழுந்து வழிவிடும். அவை சென்றபின் மீண்டும் தாழ்ந்து சாலையோடு சேரும். இப்போது அப்பகுதி உயர்வதில்லை. பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டதால், பளு மிகுந்த வண்டிகள் அவ்வழியே செல்கின்றன. பழைய பாலத்தின்மீது மிதிவண்டிகளும் சிறிய ஊர்திகளும் சென்றுகொண்டிருக்கின்றன.